கொழுந்து மாடியில் கனகத்தின் அறை

மலேசியாவுக்குப் போகத் தகுதியான ஆள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்று என் அண்ணன்கள் இருவரும் ஏகமனதாக முடிவு செய்தார்கள். தகுதி வேறொன்றுமில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. கரூரில் பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். எண்பதுகளின் நடுவில், நாற்பத்து மூன்றாவது வயதில், கடல் தாண்டினேன்.

போன காரியம் இதுதான். எங்கள் சித்தப்பா சின்ன வயதிலேயே கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அங்கேயே குடும்பமாகி, அங்கேயே இறந்தும் போனார். அவர் மனைவியை நாங்கள் சின்னம்மா என்போம். சின்னம்மாவுக்குத் தோட்டத்தில் வேலை முடியும் வயது வந்துவிட்டது. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும். ஈப்போவில் லாரி ஓட்டும் மகன் முருகையா அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்வான். மகள் கனகத்தை வைத்துக்கொள்ள அவன் வீட்டில் தோதுப்படாதாம். கனகத்துக்கு முப்பத்து நாலு வயது. 'மனசு சரியில்லாத பிள்ளை' என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அவளை நான் கரூருக்குக் கூட்டி வந்து என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

"ரெண்டு பேரும் ஒண்டிக்கட்டை. ஒருத்திக்கு ஒருத்தி துணையாச்சு" என்றார் பெரிய அண்ணன். எனக்குத் துணை வேண்டும் என்று நான் யாரிடமும் மனுக் கொடுத்ததில்லை. தனியாக இருப்பதில் எனக்கு இருந்த சுகம் அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் புரியவும் புரியாது.

மலையடிவாரத்து ஊரான தாப்பாவில் மலைக்கு ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்தபோதே என் சோதனை தொடங்கிவிட்டது. டிரைவர் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். என் சீட்டுக்குப் பின்னால் யாரோ ஒரு கூடை டுரியான் பழம் வைத்திருந்தார்கள். அந்தப் பழத்தின் வாடையைப் பற்றி எழுதினால் மலேசியத் தமிழர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் மலாய்க்காரர். என்னைக் காட்டி டிரைவரிடம் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட்டுத் தமிழ் அம்மாளிடம் கேட்டேன். "பாவம், ஆபரேஷன் முடிஞ்சு நேரா வர்றாங்க போல, வளைவுல மெதுவா போன்னு சொல்றான்" என்றார் அவர். உண்மையிலேயே டிரைவர் மெதுவாகத்தான் போனார்.

பாதி மலையில் ஒரு காய்கறி லாரி வளைவில் சாய்ந்து நின்றது. சாலை முழுக்க முட்டைக்கோஸ். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கிப் பொறுக்கி லாரியில் போட்டார்கள். எங்கள் ஊராக இருந்தால் பாதிக் கோஸ் அன்றைக்கே பொரியலாகியிருக்கும். இங்கே ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. லாரி ஓட்டிய சீனர் நன்றிக்கு ஆளுக்கொரு கோஸ் கொடுத்தார். இப்படியாக நான் தானா ராத்தாவில் ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் முட்டைக்கோஸ் என்று இறங்கினேன்.

முருகையா காத்திருந்தான். "வாங்கக்கா, பசியாறிட்டீங்களா? கோசு எதுக்குக்கா, இங்க இல்லாத கோசா?" என்று சிரித்தான். நல்ல மனசுக்காரன் என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்தது.

தோட்டத்து வீடு ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. குளிர் எலும்பைத் தொட்டது. சின்னம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துவிட்டு, "தண்ணி கலக்கட்டா?" என்றார். அங்கே தண்ணி கலக்குவது என்றால் மைலோவோ தேநீரோ போடுவது. அடுக்களை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் கனகம். "அக்காவுக்கு வணக்கம் சொல்லு பிள்ளே" என்றார் சின்னம்மா. கனகம் எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கோஸைத் தொட்டு அழுத்திப் பார்த்தாள்.

"உள்ள அழுகிப் போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

சின்னம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. கோஸை வெட்டினோம். நடுவில் கறுத்திருந்தது.

மறுநாள் காலையில் நெத்திலிச் சம்பலோடு தோசை. நான் சைவம் என்பதை யாரும் நம்பவில்லை, சம்பலை ஒதுக்கிவிட்டுத் தோசையை மட்டும் தின்றேன். ஆலையின் முதல் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கனகம் இரண்டு உள்ளங்கையாலும் காதை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்து நானும் மூடிக்கொண்டேன். சங்கு ஓய்ந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தோம். அப்போதுதான் அவள் முதல்முறையாக என்னை, என்னை என்றால் என் கைகளைப் பார்த்தாள்.

"எங்க போறா?" என்று கேட்டேன், அவள் கிளம்பியதும்.

"பேக்டரிக்குத்தான். என்கூட வந்து பழகின பிள்ளைலா. மாடியில கொழுந்து பாக்குறா" என்றார் சின்னம்மா.

நானும் பின்னாலேயே போனேன். பறித்த கொழுந்தை அப்படியே அரைக்க மாட்டார்கள். ஆலையின் மேல்மாடியில் நீளநீளமான தொட்டிகளில் கம்பிவலை மேல் பரப்பி, அடியிலிருந்து பெரிய காத்தாடியால் காற்றை ஊதி, மணிக்கணக்காக வாட்டுகிறார்கள். மாடிப் படியில் கால் வைத்ததுமே அந்த ஓசை கேட்டது. ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே ஓசை. கீழே இருக்கும் லாரி, ஆள் அதட்டும் குரல், நாய் எல்லாவற்றையும் அது மூடிவிட்டது. காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். மலேசியா வந்தபிறகு பகலில் பஞ்சில்லாமல் நான் நின்ற முதல் இடம் அது.

மாடிக் கடைசியில், கடைசித் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், தேயிலை அடைக்கும் பலகைப் பெட்டிகளை அடுக்கி ஓர் அறை கட்டியிருந்தது. ஆள் உயரச் சுவர், ஒரே ஒரு வாசல், வாசலுக்குச் சாக்குத் திரை. பக்கத்துத் தூணில் ஆணியில் ஒரு சிவப்புத் துணி தொங்கியது. கனகத்தைக் கூப்பிட வாயைத் திறந்தேன். ஒரு கை என் தோளைத் தட்டியது. ஆலைக் கணக்குப்பிள்ளை. அங்கே பெரிய கிராணி என்கிறார்கள். உதட்டில் விரலை வைத்து, என்னைப் படி வரை தள்ளிக்கொண்டு போய்ப் பிறகுதான் பேசினார்.

"செவப்புத் துணி தொங்குனா யாரும் பேசக் கூடாதும்மா. துரை வந்தாலும் அதான் சட்டம்."

"யார் போட்ட சட்டம்?"

"கனகந்தான். மொதல்ல நாங்களும் சிரிச்சோம்லா. கத்திக் கூப்புட்டா கொழுந்த அள்ளி சன்னல் வழியா வீசிடும். அப்புறம் ஒரு நாளு இந்தத் துணியக் கட்டிச்சு. துணி தொங்குற நேரம் விட்டுட்டா, எந்தத் தொட்டி எப்ப எறக்கணும்னு கரெக்டா வந்து சொல்லும். வெள்ளத் துணி கட்டுனா நாங்க பேசலாம். சொகமா ஓடுது."

பார்த்துக்கொண்டே இருந்தேன். கனகம் வெளியே வந்தாள். ஒரு தொட்டியில் கைப்பிடிக் கொழுந்தை அள்ளி இறுக்கினாள். கையை விரித்தாள். உருண்டையாகி நின்ற கொழுந்து மெல்ல மெல்லப் பிரிந்தது. அது பிரியும் வேகத்தை வைத்துத்தான் பக்குவம் என்று கிராணி சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

எங்கள் பள்ளியில் சுருட்டிய தேசப்படங்களை வைக்கும் ஒரு சின்ன அறை உண்டு. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு இடைவேளைக்கும் நான் அதற்குள்தான் இருக்கிறேன். நோட்டுத் திருத்துகிறேன் என்று தலைமையாசிரியை நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நோட்டும் நான் அங்கே திருத்தியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன், அடுத்த வகுப்பின் இரைச்சலைத் தாங்க வலு வரும் வரை. நான் ஒளிந்துகொண்டு செய்ததை இவள் துணி கட்டி ஊரறியச் செய்கிறாள். ஆட்டிசம் என்ற வார்த்தையை ஒரு டாக்டர் எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து. கனகத்தை மனதில் வைத்துத்தான் கேட்டேன். டாக்டர் பேசப் பேச, அவர் என்னைப் பற்றியும் சொல்கிறார் என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் பயணத்துக்குச் செருப்பு வாங்கக் கனகத்தைப் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்குக்குக் கூட்டிப் போனோம், நானும் முருகையாவும். கடைத்தெருவில் கூட்டம். கனகம் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். ஒரு சீனர் கடையில் செருப்பைப் போட்டுப் பார்க்கும்போது வெளியே ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. கனகம் துணி அடுக்கிய மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள். முருகையா முகம் சிவந்து, "வெளிய வா, மானத்த வாங்காத" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். கடைக்கார அம்மாள் வந்து அவன் கையை விலக்கிவிட்டு, வேலையாளிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். வேலையாள் கடை ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"என்ன சொல்றாங்க?"

முருகையா தலையைக் குனிந்துகொண்டான். "அவங்க தம்பியும் இப்படித்தானாம். அரை மணி கடைய மூடுனா ஒண்ணும் கொறஞ்சு போவாதுன்றாங்க."

அந்த அரை மணி நேரம் நாங்கள் மூவரும் அரையிருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கடைக்கார அம்மாள் பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் ஞாயிறு. அன்றைக்குத்தான் எல்லாம் குட்டிச்சுவரானது, அதுவும் பாசத்தால்.

இந்தியாவுக்குப் போகிறவர்களை உறுமி மேளத்தோடு வழியனுப்புவது அந்த லைன் வழக்கம். கனகத்துக்கு மட்டும் குறை வைப்பார்களா? பதினொரு வருஷம் அவள் மாடியில் மூச்சுக் காட்டாமல் நடந்த அதே ஆட்கள், அவள் மேல் இருந்த பிரியத்தில், அவள் வீட்டு வாசலில் ஆறு உறுமியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாலை, குலவை, பூந்தட்டு. நான் தடுப்பதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. கனகம் மாலையோடு ஓடினாள்.

அவள் மாடிக்குத்தான் போயிருப்பாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நேரம் பார்த்து முருகையா லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். தேயிலைப் பெட்டிகள். அவள் அறையின் சுவர்கள்.

"அவ பழகுன பெட்டிக்கா. அதுலயே அவ சாமான கட்டுனா சந்தோசப்படுவான்னு காலையிலயே போயி பிரிச்சிட்டு வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். அவன் முகத்தில் அத்தனை பெருமை. அடிக்க மனசு வரவில்லை.

மாடியில் எட்டிப் பார்த்து, அங்கே ஆள் இல்லை என்று இரண்டு மணி நேரம் வெளியே தேடினார்கள். அதுவும் எப்படி? கொழுந்துச் செடி வரிசைகளுக்குள் விசில் ஊதி, தகரம் தட்டி, "கனகம், கனகம்" என்று மலை அதிரக் கத்தி. சின்னம்மா வாசலில் மயங்கியே விழுந்துவிட்டார். கீழே ஓடையில் தேட வேண்டும் என்று யாரோ சொன்னதும் முருகையா அழத் தொடங்கினான்.

நான் கத்தவில்லை. நானாக இருந்தால் எங்கே போவேன் என்று யோசித்தேன். எனக்கு ஒரே இடம்தான் தோன்றியது. மாடி ஏறினேன். ஆட்களெல்லாம் தேடப் போயிருந்தார்கள். காத்தாடிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அறை இருந்த இடத்தில் வெறும் தரை. கடைசித் தொட்டியின் பக்கவாட்டில், அடியில் காற்று போகும் சுரங்கத்தைக் கூட்டுவதற்கென்று ஒரு சின்னப் பலகைக் கதவு உண்டு. கதவிடுக்கில் ஒரு சாமந்திப்பூ நசுங்கிக் கிடந்தது. தட்டவில்லை. கதவை விலக்கி, புடவையைச் சுருட்டிக்கொண்டு, நாற்பத்து மூன்று வயது உடம்பை உள்ளே இழுத்துப் போட்டேன்.

கனகம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் கம்பிவலை, அதற்கு மேல் கொழுந்து. வெளிச்சமே பச்சையாக இருந்தது. குளிர்ந்த காற்று சீராக வந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தேன். பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பயணத்தில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"ஒங்க வீட்டுல காத்தாடி இருக்கா?"

"இருக்கு."

"நிக்காம ஓடுமா?"

"கரண்ட் போனா நின்னுரும்."

"எத்தன வாட்டி போவும்?"

"ஒரு நாளைக்கு நாலு தடவை. கோடையில அதுக்கும் மேல."

"பக்கத்துல என்னா இருக்கு?"

பொய் சொல்ல எனக்கு வராது. "ஒரு பக்கம் தறிப்பட்டறை. எதிர்த்தாப்புல மைக் செட் வாடகைக்கு விடுற கடை."

"நான் வரல."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேக்கலலா."

உண்மைதான். கடிதம் எழுதியவர்கள் கேட்கவில்லை, என் அண்ணன்கள் கேட்கவில்லை, கணக்கு டீச்சர் நானும் கேட்கவில்லை. வெட்கத்தில் என் காது சுட்டது.

கனகம் விரலை வலைக்குள் விட்டு மேலிருந்த கொழுந்தை நசுக்கிப் பார்த்தாள். "வாடிட்டு. எறக்கணும்" என்று தவழ்ந்து வெளியே போனாள். ஒவ்வொரு தொட்டியாக இறுக்கிப் பார்த்தாள். நேற்று பறித்த கொழுந்து முழுக்க இன்னும் கொஞ்சம் விட்டால் வீணாகியிருக்குமாம். இரண்டு பேருமாக அள்ளி, கீழே ஆலைக்குள் இறங்கும் வழியில் தள்ளத் தொடங்கினோம். நடுவில் நான் போய், தூண் ஓரம் கிடந்த சிவப்புத் துணியை எடுத்து ஆணியில் கட்டினேன். கொழுந்து கீழே விழுவதைப் பார்த்துவிட்டு முருகையாவும் கிராணியும் பத்துப் பேரும் "கனகம்!" என்று படியில் தடதடவென்று ஏறி வந்தார்கள். துணியைப் பார்த்ததும் அத்தனை பேரும் அப்படியே வாயை மூடிக்கொண்டார்கள். முருகையா மட்டும் சத்தம் வராமல் தேம்பினான்.

அன்றைக்குச் சாயங்காலம் சின்னம்மாவிடம் சொன்னேன், கனகம் வரமாட்டாள், நானும் கூட்டிப் போக மாட்டேன் என்று. அவர் கோபப்படவில்லை. "அப்ப எங்க இருப்பா? அவ பேரு தோட்டத்து புஸ்தகத்துல இல்லலா. வீடு எப்படிக் குடுப்பாங்க?" என்றார். பதினொரு வருஷம் வேலை செய்தவள் பேர் ஏன் இல்லை என்று கேட்டேன். தினமும் காலையில் பெரட்டு என்று ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். சங்கு, நாய், நூறு பேர் பேச்சு. அங்கே நின்று பதில் சொன்னால்தான் பேர் ஏறும். கனகம் ஒரு நாளும் பெரட்டுக்கு நின்றதில்லை. ஆகவே அவள் அம்மாவோடு சும்மா வருகிற பிள்ளை.

மறுநாள் காலை நான் தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன். கிராணி நடுங்கிக்கொண்டே கூட வந்தார். துரை என்பது தோட்ட மேனேஜர். வெள்ளைக்காரர் இல்லை, பினாங்குக்காரத் தமிழர், சின்ன வயது. மரியாதையாகத்தான் பேசினார்.

"சட்டம்னு ஒண்ணு இருக்குங்கம்மா. பெரட்டுல பதில் சொல்லாதவங்க வந்தாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பத்தொன்பது வருஷமா வகுப்புல பேர் கூப்பிட்டுட்டு இருக்கேன் சார். 'உள்ளேன் டீச்சர்'னு சொல்ற பிள்ளைகள்ல பாதி உள்ளே இருக்கிறதில்ல" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடாமல் பிடித்துக்கொண்டேன். "காலையில மாடியில மொதல் காத்தாடியைப் போடறது யாரு?"

கிராணி சொன்னார்: "கனகந்தாங்க. பெரட்டுக்கு முன்னாடியே போயிரும்."

"பெரட்டுல கனகம் பேரைக் கூப்பிடுங்க. காத்தாடி ஓடற சத்தம் கேட்டா அதுதான் பதில். கேக்கலைன்னா லீவு போட்டுக்குங்க."

துரை ஜன்னல் பக்கம் திரும்பி ஆலையைப் பார்த்தார். ஓசை அங்கே வரை கேட்டுக்கொண்டிருந்தது. "நேத்து கொழுந்தக் காப்பாத்துனது அவங்கதான்னு கிராணி சொன்னாரு" என்றவர், புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். அன்றைக்கே பேர் ஏறியது. வீடு கனகத்தின் பேருக்கு மாறியது. ஈப்போவுக்குப் போக வேண்டியிருந்த சின்னம்மா, இனி மகள் வீட்டில் இருக்கலாம்.

கொழுந்து பார்க்கத் தெரிந்ததால்தான் அவளுக்கு இந்த இடம் கிடைத்தது என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான். ஒன்றும் தெரியாதவளாக இருந்தாலும் அவளுக்கு ஓர் அமைதியான மூலை கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு எனக்குக் கிடைத்த வாதம் அதுதான், அதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்திக்கொண்டேன். என் வீடு என் வீடாகவே இருக்கப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

"எனக்கப்புறம் அவள யாரு பாத்துக்குவா சரோஜா?" என்று கேட்டார் சின்னம்மா.

"தெரியல சின்னம்மா. என்னை யாரு பாத்துக்குவாங்கன்னும் எனக்குத் தெரியல. இப்போதைக்கு ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்" என்றேன்.

கிளம்பும் நாள் காலையில் முருகையா பெட்டிகளை எல்லாம் மாடிக்குச் சுமந்து போனான். தன் கையால் அடுக்கித் தருகிறேன் என்றான். கனகம் விடவில்லை. அவளே அடுக்கினாள். நான் விடைபெறப் போனபோது வேலை முடியும் தறுவாயில் இருந்தது. பத்தரை மணிக்கு எனக்குப் பஸ். பார்த்த அறைதான், ஆனால் ஏதோ மாறியிருந்தது. கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணிப் பார்த்தேன். பக்கவாட்டுச் சுவர்களில் வரிசைக்கு இரண்டு பெட்டி கூடுதலாக நின்றது. அறை அகலமாகியிருந்தது.

"எதுக்குப் பெருசாக் கட்டின?"

கனகம் சாக்குத் திரையைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அக்கா ஒக்கார எடம் வேணும்லா."

என் அம்மா, என் அண்ணன்கள், கூட வேலை பார்ப்பவர்கள், எல்லோரும் இத்தனை வருஷமாக என்னை அவர்கள் இடத்துக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வா, பேசு, சிரி, கலந்துக்கோ. பேசாமல் உட்காருவதற்கென்று எனக்கு ஒருவர் இடம் கட்டிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. உள்ளே போய் உட்கார்ந்தேன். கனகம் துணியைக் கட்டிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கீழே முருகையாவின் லாரி ஹாரன் இரண்டு தடவை கேட்டது போல இருந்தது. அன்றைய பஸ் நான் இல்லாமல்தான் போயிற்று.